சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி: கால்பந்தின் நேரம் யாருக்குச் சொந்தம்?

(விளையாட்டும் சமூகமும் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசவும் கேட்கவும் ஆண்டுதோறும் ஒரு மாலையை ஒதுக்கிவைத்த நன்கொடையாளரின் உள்ளத்தை முதலில் வணங்குகிறேன். இப்படிப்பட்ட மேடைகளில் ஆட்டக்காரர்களைப் பற்றியும் கோப்பைகளைப் பற்றியும் பேசுவது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், ஆட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஐரோப்பியக் கால்பந்தில் கடந்த 40 ஆண்டுகளில் பணம் வந்த வழி, கிளப்புகள் வளர்ந்ததும் வீழ்ந்ததும், ரசிகர்கள் கொதித்தெழுந்தது எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே விளக்கிவிடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளிபரப்பு நிறுவனம் காசு கொடுத்து வாங்குவது ஆட்டத்தை மட்டுமில்லை, ஆட்டம் நடக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான். அந்த நேரத்தை விற்பது லீக்கும் கிளப்பும். ஆனால் அந்த நேரத்தைத் தன் வாழ்விலிருந்து எடுத்துக் கொடுப்பவர் மைதானத்துக்கு வரும் ரசிகர். விற்பனை ஒப்பந்தத்தில் அவருக்கு இடமில்லை. அவருக்கு அதில் இடம் தரவேண்டும் என்பதும், அப்படித் தருவது கிளப்பின் பணப்பெட்டிக்கும் நல்லது என்பதும்தான் இந்த உரையின் சாரம்.

1. மூன்று மணி வந்த வழி

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்றால் கால்பந்து. இந்த நேரத்தை எந்தக் கால்பந்து அதிகாரியும் உட்கார்ந்து வகுக்கவில்லை. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலை செய்த பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமைகளில் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் கை இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அரைநாள் ஓய்வு கிடைத்தது. மெல்ல மெல்ல மற்றத் தொழில்களுக்கும் அது பரவியது. அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடியவர்கள் தொழிலாளர்களும் அவர்களுக்குத் துணைநின்ற சீர்திருத்தக்காரர்களும்.

1888இல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்த 12 கிளப்புகளில் 6 லங்காஷயரைச் சேர்ந்தவை. பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, பிரஸ்டன், அக்ரிங்டன், எவர்ட்டன். பெரும்பாலும் பஞ்சாலை ஊர்கள். ஆலைச் சங்கு ஊதியதும் வாராந்தரக் கூலியோடு வெளியே வந்தவர்கள் நேரே மைதானத்துக்கு நடந்தார்கள். குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும் என்பதால் ஆட்டத்தை இன்னும் முன்னதாகத் தொடங்குவார்கள். மைதானங்களுக்கு மின்விளக்கு வந்தபின் ஆண்டு முழுவதும் 3 மணி என்று நிலைத்தது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல், கால்பந்து தன் ரசிகர்களுக்குத் தந்த பரிசு கிடையாது. உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற ஓய்வுநேரம் அது. அதில் கால்பந்து குடியேறி வளர்ந்தது. பின்னாளில் அந்த நேரம் விலைக்குப் போனபோது, அதைச் சம்பாதித்தவர்களின் பேரப்பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. கேமராவுக்கு அஞ்சிய காலம்

தொலைக்காட்சி வந்த புதிதில் கிளப்புகள் அதைக் கண்டு நடுங்கின. 1960 செப்டம்பரில் பிளாக்பூல், போல்டன் அணிகள் ஆடிய லீக் ஆட்டத்தை ஐடிவி நேரலையாகக் காட்டியது. அதற்காகவே ஆட்டம் சனிக்கிழமை மாலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆட்டத்தில் சுவையில்லை. அடுத்து ஆர்செனலும் டாட்டன்ஹாமும் தங்கள் மைதானத்தில் கேமராவை அனுமதிக்க மறுத்ததும் அந்தத் திட்டம் அதோடு நின்றது. லீக் ஆட்டங்களின் நேரலை மறுபடி தொடங்கியது 1983இல்தான்.

அந்த எதிர்ப்புக்கு முகமாக நின்றவர் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட். இறைச்சி வணிகர், பிடிவாதக்காரர். பெரிய கிளப்பின் ஆட்டம் வீட்டுத் திரையில் ஓடினால், அதே நேரத்தில் தம் ஊர்ச் சின்ன கிளப்பின் ஆட்டத்துக்கு யார் போவார்கள் என்று கேட்டார். 1960களில் மற்றக் கிளப்புகளையும் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். அதன் விளைவான விதி இன்றும் நடப்பில் இருக்கிறது. பிரிட்டனில் சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்ட முடியாது. போர்ட்ஸ்மவுத்தில் ஒரு மதுக்கூட உரிமையாளர் கிரேக்க நாட்டு டிகோடரை வாங்கிவைத்து இந்த ஆட்டங்களைக் காட்டியதும், வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்று 2011இல் தீர்ப்பானதும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

பாப் லார்டின் அச்சத்தை எண்கள் எந்த அளவுக்கு ஏற்கின்றன? 1948-49 சீசனில் லீக் ஆட்டங்களுக்கு 4 கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1985-86இல் அது ஏறத்தாழ 1.65 கோடியாகச் சரிந்தது. இந்தச் சரிவின் பெரும்பகுதி, வாராவாரம் நேரலை என்ற ஒன்று இல்லாத காலத்தில் நிகழ்ந்தது. பாழடைந்த மைதானங்கள், வன்முறை, மாறிய வாழ்க்கை முறை என்று காரணங்கள் வேறு பல. நேரலை பெருகிய 1990களில் கூட்டமும் பெருகியது. ஆகவே தொலைக்காட்சி மைதானத்தைக் காலியாக்கிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

ஆனால் நுணுகிப் பார்த்தால் பாப் லார்டின் கேள்விக்குப் பொருள் இருக்கிறது. டேவிட் ஃபாரஸ்ட், ராப் சிம்மன்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, வார நாள் இரவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் தொலைக்காட்சியில் ஓடும்போது கீழ்ப் பிரிவுகளின் ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைவதைக் காட்டியது. அடி விழுவது சின்ன கிளப்புகளின் மேல்தான்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். 3 மணி ஆட்டத்தை ஒளிபரப்பக் கூடாது என்றால், ஒளிபரப்ப வேண்டிய ஆட்டத்தை 3 மணியிலிருந்து நகர்த்தியே ஆகவேண்டும். சனி பகல் 12:30, மாலை 5:30, இரவு 8, ஞாயிறு, திங்கள் இரவு, 2016 முதல் வெள்ளி இரவு என்று ஆட்டங்கள் சிதறியதற்கு இதுவே முதல் காரணம். சின்ன கிளப்பின் கூட்டத்தைக் காக்க வந்த விதி, பெரிய கிளப்பின் ரசிகரிடமிருந்து அவருடைய சனிக்கிழமையை எடுத்துக்கொண்டது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் வெறுமனே பழையபடி 3 மணிக்கே ஆடுங்கள் என்று கோருவதால் பயனில்லை.

3. பணம் பிரியும் விதம்

ஒளிபரப்பு உரிமையின் விலை ஏறிய வேகத்தைப் பாருங்கள். 1983இல் இரண்டு ஆண்டுகளுக்கு 52 லட்சம் பவுண்டு. 1988இல் நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி. 1992இல் முதல் பிரிவுக் கிளப்புகள் பிரிந்து பிரீமியர் லீக் அமைத்தபோது ஐந்து ஆண்டுகளுக்கு 30.4 கோடி. 2016இல் மூன்று ஆண்டுகளுக்கு 513.6 கோடி. 2025இல் தொடங்கிய நான்கு ஆண்டு ஒப்பந்தம் 670 கோடி பவுண்டு. இவை உள்நாட்டு உரிமைகள் மட்டும். வெளிநாட்டு உரிமைக்கு வரும் பணம் தனி. இந்தப் புதிய ஒப்பந்தத்தின்படி, சனி 3 மணிக்கு வெளியே நடக்கும் எல்லா ஆட்டங்களும் நேரலையில் வருகின்றன.

இந்தப் பணம் கிளப்புகளுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? உள்நாட்டுப் பணத்தில் பாதி எல்லோருக்கும் சமமாக, கால்பங்கு தரவரிசைப்படி, மீதிக் கால்பங்கு எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை நேரலையாகக் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்து என்று நெடுங்காலம் பிரிக்கப்பட்டது. 2018-19 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் சிட்டி 98 புள்ளிகளோடு முதலிடம், லிவர்பூல் 97 புள்ளிகளோடு இரண்டாமிடம். ஆனால் லீக் வழங்கிய தொகையில் லிவர்பூலுக்கு 15.24 கோடி பவுண்டு, சிட்டிக்கு 15.1 கோடி. லிவர்பூல் ஆட்டங்கள் 29 முறை நேரலையில் வந்தன, சிட்டியின் ஆட்டங்கள் 26 முறை. கடைசி இடம் பிடித்த ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் 9.66 கோடி கிடைத்தது. ஒவ்வொரு நேரலைக்கும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் வருகிறது என்றால், ஆட்டத்தைத் திங்கள் இரவுக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லும்போது மறுப்பதற்கு எந்த நிர்வாகிக்கு மனம் வரும்?

போர்ன்மவுத் போன்ற கிளப்பின் மைதானத்தில் ஏறத்தாழ 11 ஆயிரம் பேர்தான் அமர முடியும். நுழைவுச்சீட்டு வருமானத்தை மட்டும் நம்பி அது பிரீமியர் லீக்கில் நிற்கவே முடியாது. அதன் வருமானத்தின் பெரும்பகுதி ஒளிபரப்பிலிருந்து வருவது. ஒரு வகையில் இது நீதியும்கூட. ஸ்பெயினில் 2015வரை ஒவ்வொரு கிளப்பும் தன் உரிமையைத் தானே விற்றுக்கொண்டது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அள்ளிக்கொண்டன. அரசு ஆணை பிறப்பித்துக் கூட்டு விற்பனையைக் கட்டாயமாக்கிய பிறகே சின்ன கிளப்புகள் மூச்சுவிட்டன.

தொலைக்காட்சி ஒரு சின்ன கிளப்பை எப்படித் தூக்கிவிடும் என்பதற்கு ஒரு காட்சி. 2021 ஜனவரி 10, எஃப்ஏ கோப்பை மூன்றாம் சுற்று. லிவர்பூலை அடுத்த கிராஸ்பியில், அப்போது எட்டாம் படிநிலை லீக்கில் ஆடிய மரைன் என்ற கிளப்பின் மைதானத்துக்கு ஜோசே மொரீன்யோவின் டாட்டன்ஹாம் வந்தது. மைதானத்தை ஒட்டியே வீடுகளின் பின்புறத் தோட்டங்கள். கொரோனா காலம், உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை. அக்கம்பக்கத்தார் தங்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். நாடு முழுவதும் பிபிசியில் பார்த்தது. உள்ளே வர முடியாது என்று தெரிந்தே 30,697 பேர் ஆளுக்கு 10 பவுண்டு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். வாங்கியவர்களில் டாட்டன்ஹாம் ரசிகர்கள் ஏராளம். மரைன் 0-5 என்று தோற்றது. ஆனால் கிளப் பிழைத்தது. கேமரா அந்த ஆட்டத்தை எல்லோர் வீட்டுக்கும் கொண்டு போயிருக்காவிட்டால் இத்தனை கைகள் நீண்டிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே தொலைக்காட்சிப் பணமே கேடு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கான செலவைச் சுமப்பவர் யார் என்று கேட்கிறேன்.

4. வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவர்

கல்யாணத்துக்கு நாள் குறித்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்து, உறவினர்கள் ரயிலுக்கு முன்பதிவும் செய்தபின், மண்டபக்காரர் வந்து முகூர்த்தத்தைத் திங்கட்கிழமை இரவுக்கு மாற்றிவிட்டேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் ரசிகர் வாழ்வது இந்த நிலையில்தான். ஜூனில் முழு அட்டவணை வெளியாகும். ஆனால் அதில் உள்ள தேதி உறுதியில்லை. ஒளிபரப்பாளர்கள் தமக்கு வேண்டிய ஆட்டங்களைப் பொறுக்கியெடுத்தபின், ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் நாளும் நேரமும் தெரியவரும். முன்கூட்டி வாங்கினால் ரயில் கட்டணம் குறைவு, ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பாது. காத்திருந்தால் கட்டணம் ஏறிவிடும். எப்படிப் பார்த்தாலும் நட்டம் ரசிகருக்கே.

நியூகாசில் ரசிகர் ஒருவர் போர்ன்மவுத் ஆட்டத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். சனி 3 மணி என்றால் விடியலில் கிளம்பி நள்ளிரவுக்குள் வீடு வந்துவிடலாம். அதே ஆட்டம் திங்கள் இரவு 8 மணிக்கு என்றால், முடியும்போது 10 மணி. வடக்கே போகும் ரயில் இல்லை. இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து விடியற்காலையில் வீடு சேர்ந்து, அப்படியே வேலைக்கு ஓட வேண்டும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கும் விடுப்பு எடுக்க முடிந்தவர் போவார். தினக்கூலிக்காரரும் முறைவேலை பார்ப்பவரும் பள்ளிப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரும் போக மாட்டார்கள். அவர்கள் வராமல் போவது எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை.

2022 ஈஸ்டர் வார இறுதியில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் எஃப்ஏ கோப்பை அரையிறுதி. இரண்டும் வடமேற்கு ஊர்கள், ஆட்டமோ லண்டன் வெம்ப்லியில். அந்த நாளில் தண்டவாளப் பராமரிப்புப் பணியால் அவ்விரு நகரங்களிலிருந்தும் லண்டனுக்கு நேரடி ரயில் கிடையாது. இது முன்பே தெரிந்த செய்தி. இடத்தையாவது மாற்றுங்கள் என்று ரசிகர்கள் மன்றாடினார்கள். கோப்பையை நடத்தும் கால்பந்துச் சங்கம் 100 பேருந்துகளை இலவசமாக விட்டதே தவிர, ஆட்டம் வெம்ப்லியிலேயே நடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 24 அன்று உல்வ்ஸ், செல்சி அணிகளின் ஆட்டம் வைக்கப்பட்டது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நாளில் பிரீமியர் லீக் ஆட்டம் நடப்பது 1995க்குப் பின் அதுவே முதல்முறை. தீபாவளிக்கு முந்தைய இரவில் குடும்பத்தை விட்டு 200 கிலோமீட்டர் போய்வரச் சொன்னால் நாம் என்ன சொல்வோமோ அதையே அவர்களும் சொன்னார்கள்.

பெண்கள் கால்பந்திலும் இதே சிக்கல் தலைகாட்டிவிட்டது. 2025-26 சீசனில் பெண்கள் சூப்பர் லீக்கின் பெரும்பாலான ஆட்டங்கள் ஞாயிறு பகல் 12 மணிக்கு ஒளிபரப்பாகும்படி அமைந்தன. நிலையான நேரம் இருந்தால் பார்வையாளர் பெருகுவார்கள் என்ற எண்ணம் தவறில்லை. ஆனால் ஞாயிறு காலையில்தான் ஊர்தோறும் சிறுமிகள் தங்கள் அணிகளுக்காக ஆடுகிறார்கள். அந்த லீக்கின் நாளைய ரசிகைகள், ஏன், நாளைய ஆட்டக்காரர்களும் அவர்களே.

5. டார்ட்மண்டின் காலி இருக்கைகள்

இதற்கெல்லாம் மாற்றே இல்லையா? ஜெர்மனியைப் பாருங்கள்.

அங்கே கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. 2017-18இல் தொடங்கிய புதிய ஒளிபரப்பு ஒப்பந்தப்படி, பண்டஸ்லிகா லீக் ஒரு சீசனுக்கு ஐந்து ஆட்டங்களைத் திங்கள் இரவில் வைத்தது. வியாழன்தோறும் யூரோப்பா லீக்கில் ஆடும் அணிகளுக்கு ஓய்வு தேவை என்று காரணம் சொன்னார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. 2018 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட், லைப்சிக் ஆட்டத்தில் ரசிகர்கள் களத்தின் ஓரம்வரை இறங்கி வந்து நின்றார்கள். களத்தில் டென்னிஸ் பந்துகள் மழையாக விழுந்தன. ஆட்டம் தாமதமானது.

ஒரு வாரம் கழித்து டார்ட்மண்ட், ஆக்ஸ்புர்க் ஆட்டம். டார்ட்மண்டின் மைதானம் 81 ஆயிரம் பேர் கொள்வது, வழக்கமாக நிரம்பி வழிவது. அதன் தெற்கு மேடையில் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் மஞ்சள் அணிந்து நின்றபடி பாடுவதை நேரில் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருவார்கள். அந்தத் திங்கள் இரவு வந்தவர்கள் 54,300 பேர். சீசன் சீட்டு கையில் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே இருந்தார்கள். மஞ்சள் சுவர் எனப்படும் அந்தத் தெற்கு மேடையில் கான்கிரீட் படிகள் தெரிந்தன. கேமரா எந்தக் கோணத்தில் திரும்பினாலும் அதை மறைக்க முடியவில்லை.

அந்த இரவு ஓர் உண்மையை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது. ஒளிபரப்பாளர் விலை கொடுப்பது 22 பேர் பந்தை உதைப்பதற்காக மட்டுமில்லை. பாட்டு, கொடி, ஆரவாரம், கோல் விழுந்ததும் எழும் அந்தப் பேரொலி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ரசிகர் நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, விற்பனைக்குப் போகும் பண்டத்தின் ஒரு பகுதியையும் தாமே உருவாக்கித் தருகிறார். இதைக் கிளப்புகளும் உணர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில், 2021-22 முதல் திங்கள் ஆட்டங்கள் இல்லை என்று முடிவாயிற்று. 2023 டிசம்பரில் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்கக் கிளப்புகள் வாக்களித்தபோதும், களத்தில் மறுபடி டென்னிஸ் பந்துகளும் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் நாணயங்களும் விழுந்தன. 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

இங்கிலாந்திலும் சிறு வெற்றிகள் உண்டு. 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு சீட்டை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் 77ஆம் நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். அந்தச் சீட்டுவிலை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த சீசனிலேயே வெளியூர் ரசிகர்களின் சீட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வந்தது. 2020இல் மைதானங்கள் மூடியிருந்தபோது ஓர் ஆட்டத்தை வீட்டில் பார்க்க 14.95 பவுண்டு கட்டணம் வைத்தார்கள். நியூகாசில் ரசிகர்கள் அந்தக் காசை உள்ளூர் உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். மற்ற ஊர்களும் அவர்களைப் பின்பற்றின. சில வாரங்களில் அந்தக் கட்டணமுறை மறைந்துபோனது.

6. பணம் வராமல் போனால்

நேரத்தை விற்பதில் கிளப்புகளுக்கும் ஓர் ஆபத்து உண்டு. வாங்கியவர் கையை விரித்துவிட்டால் என்ன ஆகும்?

2000இல் இங்கிலாந்தின் மூன்று கீழ்ப் பிரிவுகளுக்குச் சேர்த்து ஐடிவி டிஜிட்டல் மூன்று ஆண்டுகளுக்கு 31.5 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் வந்துவிட்டதாகவே எண்ணிக் கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்தை ஏற்றின. சேனலைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 2002 மார்ச்சில் நிறுவனம் நொடித்தது. பாக்கி 17.85 கோடி. அதன் தாய் நிறுவனங்களான கார்ல்ட்டனும் கிரனாடாவும் பெரும் பணக்கார நிறுவனங்கள்தாம். ஆனால் முறையான உத்தரவாதப் பத்திரம் எழுதி வாங்கப்படவில்லை. நீதிமன்றத்தில் லீக் தோற்றது. பிராட்ஃபோர்டு, பார்ன்ஸ்லி, லெஸ்டர், இப்ஸ்விச் என்று கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் நிர்வாகத்துக்குள் சென்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் எத்தனையோ ஆட்டக்காரர்கள் வேலை இழந்தார்கள்.

அதே ஆண்டு ஜெர்மனியில் கிர்ஷ் ஊடகக் குழுமம் வீழ்ந்தது. 2020இல் பிரான்சில் ஆண்டுக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் தருவதாகச் சொன்ன மீடியாப்ரோ, சீசன் தொடங்கிச் சில வாரங்களிலேயே தவணையை நிறுத்தியது. டிசம்பரில் ஒப்பந்தம் முறிந்தது. அந்த அடியிலிருந்து பிரெஞ்சு லீக் எழவே முடியவில்லை. அடுத்துவந்த ஒப்பந்தங்களும் நிலைக்காமல், 2025இல் லீக் தன் ஆட்டங்களைக் காட்டத் தானே ஒரு சேனலைத் தொடங்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் இதன் சாயலைப் பார்த்தோம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்குத் தன் வணிக உரிமைகளை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் முடியும் நேரம் நெருங்கியும் அடுத்தது எழுதப்படாத நிலையில், 2025இல் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி ஊதியத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் தன் பணிகளை இடைநிறுத்தியது. ஒற்றை ஒப்பந்தத்தை நம்பி ஒரு நாட்டின் கால்பந்தே நிற்கும்போது, அதன் கடைசித் தேதி ஆட்டக்காரரின் வீட்டு அடுப்புவரை வந்துவிடுகிறது.

இந்த வீழ்ச்சிகளுக்குப் பின் கிளப்புகளுக்குக் கைகொடுத்தவர்கள் யார்? உண்டியல் ஏந்தியவர்கள், சீசன் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டியவர்கள், அறக்கட்டளை அமைத்துப் பங்கு வாங்கியவர்கள். எல்லோரும் ரசிகர்களே. ஒளிபரப்பாளர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுவார். ரசிகர் தன் பிள்ளைக்கும் பேரனுக்கும் அந்தக் கிளப்பையே கொடுத்துவிட்டுப் போவார். இவ்விருவரில் எவரை நம்பிக் கடன் வாங்கலாம் என்பதை நிதியாளர்கள் யோசிக்க வேண்டும்.

7. நம் வீட்டு மாலைப்பொழுது

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பாத்திரம் உண்டு. இங்கிலாந்தில் சனி பகல் 12:30 என்பது நமக்குக் கோடையில் மாலை 5 மணி, குளிர்காலத்தில் மாலை 6 மணி. வசதியான நேரம். அங்கே இரவு 8 என்றால் இங்கே நள்ளிரவைத் தாண்டிவிடும். 2017 டிசம்பரில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா மோதிய ஆட்டம் ஸ்பெயின் நேரப்படி பகல் 1 மணிக்கு வைக்கப்பட்டது. நேரம் தாழ்த்திச் சாப்பிட்டு, இரவு வெகுநேரம் விழித்திருக்கும் அந்த ஊருக்கு அது சற்றும் பொருந்தாத நேரம். ஆசியாவின் மாலைக்கு அது பொருந்தியது. மதுரையில் ஒரு மாணவர் பார்க்கும் சனி 3 மணி ஆட்டத்தை, ஆட்டம் நடக்கும் ஊரில் சீட்டு கிடைக்காத ஒருவர் தன் வீட்டில் நேரலையில் பார்க்க முடியாது. நாம் கட்டும் சந்தா அந்த அட்டவணையை இழுக்கும் கயிறுகளில் ஒன்று.

நாம் பார்ப்பது குற்றமென்று நான் கருதவில்லை. தொலைவில் இருந்தும் உண்மையாக நேசிப்பவர்கள் நாம். ஆனால் அந்த நேசத்தைக் காட்டி ஆட்டத்தையே பெயர்த்தெடுக்க முயலும்போது, நாமும் குரல்கொடுக்க வேண்டும். 2025 டிசம்பரில் வில்லாரியல், பார்சிலோனா ஆட்டத்தை மயாமியில் நடத்த ஸ்பெயின் லீக் திட்டமிட்டது. ஆட்டக்காரர்கள் களத்திலேயே எதிர்ப்புக் காட்டினார்கள், ரசிகர் அமைப்புகள் போராடின, அக்டோபரில் திட்டம் கைவிடப்பட்டது. நேரத்தை விற்பதில் தொடங்கியது இடத்தையும் விற்பதில் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

8. செய்ய வேண்டியவை

சுருக்கமாகச் சில யோசனைகள். முதலாவது, அறிவிப்புக் காலம். எந்த ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் மாற்றக் கூடாது. மாற்றினால் ரசிகரின் பயணச் செலவை ஒளிபரப்பாளர் ஈடுகட்ட வேண்டும். இந்த ஒரு விதி வந்தாலே மாற்றங்கள் பாதியாகக் குறையும். இரண்டாவது, தொலைவு வரம்பு. திரும்பிவர ரயில் இல்லாத நேரத்தில் தொலைதூர அணிகளின் ஆட்டத்தை வைக்கக் கூடாது. வெள்ளி, திங்கள் இரவுகள் அண்டை ஊர் அணிகளுக்கு மட்டும் போதும். எந்த அணி எங்கே இருக்கிறது என்பது அட்டவணை போடுகிறவருக்குத் தெரியாத ரகசியமில்லை.

மூன்றாவது, பணத்தில் பங்கு. ஆட்டம் நகர்த்தப்படும்போது கிளப்புக்குக் கிடைக்கும் தொகையில் ஒரு சிறு விழுக்காடு, அந்த ஆட்டத்துக்கு வரும் வெளியூர் ரசிகர்களின் பேருந்துக்கும் சீட்டுச் சலுகைக்கும் போக வேண்டும். ஒரு நேரலைக்குப் பத்து லட்சம் பவுண்டு வரும் இடத்தில் சில பேருந்துகளின் வாடகை பெரிய செலவில்லை. நான்காவது, நிதி ஒழுக்கம். கைக்கு வராத ஒளிபரப்புப் பணத்தை அடகுவைத்துச் சம்பளம் நிர்ணயிக்கக் கூடாது. தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லாமல் உரிமை விற்கக் கூடாது. ஒரு பகுதியைக் காப்பு நிதியாக ஒதுக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஏலம் முடிந்தபின் ரசிகர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதில் பயனில்லை. எத்தனை நேரங்கள் விற்பனைக்கு, எந்த நேரங்கள் விற்பனைக்கே இல்லை என்று ஏல விதிகளை எழுதும் மேசையில் அவர்களுடைய பிரதிநிதிகள் உட்கார வேண்டும். இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் ரசிகர்களைக் கலந்து பேசுவதைக் கிளப்புகளின் கடமையாக்கியது. நல்ல தொடக்கம். ஆனால் ஒளிபரப்பு நேரத்தை லீக்குகளும் ஒளிபரப்பாளர்களுமே முடிவு செய்யும் நிலை தொடர்கிறது. ஜெர்மனியில் ரசிகர்கள் வென்றதற்கு டென்னிஸ் பந்துகள் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, கிளப்பின் பொதுக்குழுவில் அவர்களுக்கு இருந்த வாக்கு.

நண்பர்களே, உழைப்பவருக்கு வாரத்தில் ஓர் அரைநாள் சொந்தமாக வேண்டும் என்று போராடிய தலைமுறை ஒன்று இருந்தது. அந்த அரைநாளில் ஒரு மாபெரும் விளையாட்டு வளர்ந்தது. இன்று அந்த விளையாட்டின் மதிப்பு ஆயிரக்கணக்கான கோடி. அந்தச் செல்வத்தை யாரும் துறக்க வேண்டியதில்லை. மைதானத்துக்கு வருபவரின் ஓய்வுநேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை ஒப்பந்தத்தில் எழுதினால் போதும். கூட்டம் இல்லாத கால்பந்து எப்படி இருக்கும் என்பதைக் கொரோனா காலத்தில் உலகமே பார்த்துவிட்டது. அதை இன்னொரு முறை, நம் கையாலேயே, வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.